புள்ளி புள்ளியாய்

என்டரை அழுத்திய விரலைக் கயற்கண்ணி எடுக்கவில்லை. எடுத்தால்தான் காரியம் நடக்கும், அதுவரை எல்லாம் பழையபடியே இருக்கும் என்று ஒரு நினைப்பு. அது அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரியும். டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், தொடரலாமா என்று அந்தப் புதுக் குரல் இங்கிலீஷில் கேட்டது, ஜலதோஷம் பிடித்த ஆள் குழாய்க்குள் வாயை வைத்துப் பேசுகிறமாதிரி ஒரு குரல், அது கேட்டு முடிப்பதற்குள் அவள் அழுத்திவிட்டாள், யோசித்தால் அழுத்தமாட்டோம் என்று பயந்து. அதற்கப்புறம் குரல் இல்லை. விரலை எடுத்தாள். இல்லை. டேப் பொத்தானைத் தட்டினாள், மறுபடி தட்டினாள், எப்போதும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொல்லாவது வந்து காதில் விழும், இப்போது ஒன்றும் விழவில்லை. லேப்டாப்புக்குள் விசிறி சுற்றுகிறது. தலைக்கு மேலே இன்னொரு விசிறி, ரெகுலேட்டர் போனதிலிருந்து ஒரே வேகம்தான், கடக் கடக் என்று. வெளியே பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸின் சனிக்கிழமை மத்தியானம், யாரோ மிளகாய் வறுக்கிறார்கள், எங்கோ ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. கண் தெரிந்தவர்களுக்கு இந்த நேரத்தில் திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும், பாதி ஆயிற்று முக்கால் ஆயிற்று என்று ஒரு கோடு வளர்ந்துகொண்டிருக்கும். அவளுக்கு எட்டாம் வகுப்போடு பார்வை முழுசாகப் போய்விட்டது. அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் குரல்தான், குரல் இல்லாவிட்டால் மேஜைமேல் சூடாக ஒரு தகரப் பெட்டி. விண்டோஸ் போய்விட்டது, லினக்ஸ் வந்துவிட்டதா? வராமல் நடுவில் நிற்கிறதா? நடுவில் நிற்பது என்றால் என்ன? போனதும் இல்லாமல் வந்ததும் இல்லாமல் அந்தப் பெட்டிக்குள் இந்த நிமிஷம் என்ன இருக்கிறது?

பயப்படாதீங்க டீச்சர், சில சமயம் குரல் படுத்துக்கும், மறுபடி அந்த மூணு பொத்தானையும் சேத்து அழுத்துங்க, எழுந்துக்கும் என்று சவரிமுத்து சார் சொல்லியிருந்தார். திண்டுக்கல்லில் பாங்கில் வேலை, அவருக்கும் பார்வை இல்லை. கண் தெரியாதவர்கள் சேர்ந்து நடத்துகிற வாட்ஸாப் குழுவில் பழக்கம். அவர்தான் பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி கூரியரில் அனுப்பினார், எந்தப் பொத்தானுக்கு அப்புறம் எது என்று குரலில் பதிந்து அனுப்பினார், நிதானமான பேச்சு, நடுவில் அவர் வீட்டுக் கோழி கொக்கரிப்பதும் கேட்கும். மூன்று பொத்தானையும் அழுத்தினாள். இல்லை. விட்டு அழுத்தினாள். இல்லை. அவருக்கு ஃபோன் போட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே. இன்றைக்கு ஊருக்குப் போகிறேன் என்று நேற்றே சொன்னார், ரயிலில் இருப்பார், கொடைரோடு தாண்டினால் சிக்னல் கிடைக்கும் கிடைக்காது. தெரிந்துதானே ஆரம்பித்தாய்? தெரிந்துதான். இன்றைக்குத்தான் அவள் கணவர் வடிவேல் வீட்டில் இல்லை. சங்கக் கூட்டம், சாயங்காலம்தான் வருவார். அவர் இருந்தால் இது நடந்திருக்காது. நீ ஏன் கஷ்டப்படுறே, திங்கக்கிழமை மெக்கானிக்கை வரச் சொல்றேன் என்பார். கதிரவன் ஓசூரிலிருந்து ஃபோனில், அம்மா தீபாவளிக்கு வரப்போ நானே போட்டுத் தரேன், நீ எதையும் தொட்டுத் தொலைக்காதே என்றான். தொலைக்காதே. அந்தச் சொல்லை அவன் சும்மாதான் சொன்னான். மிஷின் பழசு, விண்டோஸின் புது பதிப்பு இதில் ஏறாது, பழையதை இனி வைத்துக்கொள்வது பத்திரமில்லை, அதனால் மாற்றுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஸ்கூல் ஸ்டாஃப் ரூமிலும் அப்படித்தான் சொன்னாள். அது பொய்யில்லை. எல்லாவற்றையும் காப்பி பண்ணினோமா? பாட நோட்ஸ் பண்ணினோம். பிளஸ் டூ வரலாறு வினாத்தாள்கள் பண்ணினோம். பண்ணியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று திறந்து பார்த்தோமா? பார்த்தோம், ஒன்றைத் திறந்து பார்த்தோம், பிளாசிப் போர் வந்தது. ஒன்று வந்தால் எல்லாம் வந்தமாதிரியா? கரண்ட் போனால்? பேட்டரி செத்து வருஷமாயிற்று, ஒயரைப் பிடுங்கினால் மிஷின் அந்த நொடியே அணைந்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போகாது. போன சனிக்கிழமை போனது.

பொய்யில்லை, ஆனால் அது மட்டும் காரணமில்லை. காரணம் சாம்பார் சாதம். ஒரு நாள் ராத்திரி சாம்பார் சாதத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே வடிவேல் சொன்னார், "உன் ஃப்ரெண்டு பிரமிளாவுக்கு டைவர்ஸாமே. பாவம், இந்த வயசுல." அவள் கை தட்டில் நின்றுபோயிற்று. "யார் சொன்னா?" "மெயில் வந்திருக்கு. சாயங்காலம் டிக்கெட் போட உக்காந்தேன், வந்திருந்துது. நிறைய எழுதியிருக்கா. சாப்பிட்டு வா, படிச்சுக் காட்டறேன்." அப்போது அவள் இன்னும் அதைப் படித்திருக்கவில்லை. பிரமிளா அவளுக்கு எழுதியது, காலேஜ் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில், மழை பெய்தால் ஜன்னலருகே அழைத்துக்கொண்டுபோய் நிறுத்துவாள், அந்தப் பிரமிளா யாரிடமும் சொல்லமுடியாததை இவளிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்து எழுதியது, அது இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அப்பளத்தோடு வந்துவிட்டது. அப்புறம் தானே தனியாக உட்கார்ந்து கேட்டாள். கடைசி வரி, கண்ணி, இது உனக்கு மட்டும். பழைய குரலுக்கு என்ன தெரியும், மற்ற வரிகளைப் படித்ததுபோலவே அதையும் படித்துவிட்டு நின்றது. வடிவேல் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சுலபம். கல்யாணமான நாளிலிருந்து காலையில் அவளுக்குப் பேப்பர் படிக்கிறவர், வரி விளம்பரம் வரைக்கும் விடமாட்டார், தெருவில் நடக்கும்போது தன் நடையை அவள் நடைக்குக் குறைத்துக் குறைத்து இப்போது தனியாகப் போனாலும் மெதுவாகத்தான் நடக்கிறாராம், ஒர்க் ஷாப்பில் கேலி செய்வார்களாம். கம்ப்யூட்டர் வாங்கி வைத்தவர் அவர், பாஸ்வேர்ட் வைத்தவரும் அவர், தன் பெயரும் கல்யாண வருஷமும். நமக்குள்ள என்ன, மறந்துபோகாம இருக்கும் என்றார். அவளுக்கும் அது அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கதிரவன் வயிற்றில் வந்தபோது கர்ப்பம் பார்க்கிற பட்டையில் கோடு ஒன்றா இரண்டா என்று முதலில் பார்த்ததும் அவர்தான், பார்க்க வேறு யார் இருக்கிறார்கள், பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று வாங்கிப் பார்த்து ஓவென்று கத்தினார், அவளைக் கட்டிக்கொண்டார், ஆனால் அந்தக் கத்தலுக்கும் கட்டலுக்கும் நடுவில் ஒரு நொடி இருந்தது, அந்த நொடியில் அவள் உடம்புக்குள் இருந்த சங்கதி அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த நொடியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், அதிலென்ன, அடுத்த நொடி தெரிந்துவிட்டதே என்பார்கள். பாங்கில் பணம் எடுக்கிற நம்பரை வரிசையில் நின்ற யாரோ ஒருவரிடம் சொன்னது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை நர்ஸ் வராந்தாவில் உரக்கப் படித்தது, உள்ளாடை அளவைக் கடைக்காரப் பெண் அடுத்த கவுன்டருக்குக் கூவியது. எல்லாரும் உதவிதான் செய்தார்கள். உதவிக்குக் கதவு கிடையாது, அது நேரே உள்ளே வந்து உட்காரும்.

அதனால்தான் கண்ணே படாமல் செய்யவேண்டும் என்று நினைத்தாள். ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் யார் கண்ணும் இல்லாமல். இப்போது அடுத்த வீட்டு ரமீஜா அக்காவைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் திரையில் என்ன என்று தெரிந்துவிடும், கூப்பிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். கூப்பிடமாட்டேன். கையை லேப்டாப்பின் அடியில் வைத்துப் பார்த்தாள். சூடு இருக்கிறது, சூடு இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், அல்லது எரிந்துபோகப் போகிறது என்று அர்த்தம். நடக்கிறது என்றால் எவ்வளவு நேரம் நடக்கும், சவரிமுத்து சார் டீ போட்டுக் குடிச்சிட்டு வாங்க என்றார், டீ எவ்வளவு நேரம், அது டீ போடுகிற ஆளைப் பொறுத்தது. ஒருவேளை திரை ஏதோ கேட்டுவிட்டு நிற்கிறதோ. ஆமாவா இல்லையா என்று கேட்டுவிட்டு நிற்கிறது, இவள் சூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள், இப்படியே ரெண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தால், அவர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்து, அட ஒரு ஓகே தட்டணும், அவ்வளவுதானே என்று தட்டினால். அந்த நினைப்பு வந்ததும் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் இடித்தது. வாசலுக்குப் போய்க் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு நிமிஷம் வரீங்களா?" என்று கூப்பிட்டாள். குரல் தன் குரல்மாதிரி இல்லை.

ரமீஜா அக்கா மிளகாய் நெடியோடு வந்தாள், முந்தானையில் கையைத் துடைக்கிற சத்தத்தோடு. "என்னடி, முகமெல்லாம் வேர்த்துக்கெடக்கு?" "இதுல என்ன தெரியுதுன்னு சொல்லுங்கக்கா." அக்கா குனிந்தாள், மூச்சு அவள் தோளில் பட்டது. "உலகப் படம் தெரியுது." "என்னது?" "மேப்புடி. உலகப் படம். நீ ஸ்கூல்ல நடத்துவியே அது. கீழ ஒரு கட்டத்துல இங்கிலீஷ்ல ஏதோ போட்டிருக்கு, இரு, கே, ஓ, எல், கே... கொல்கத்தா. நாம திருச்சியில இருக்கோம், இதுக்கென்ன கொல்கத்தா?" கயற்கண்ணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு என்று நினைத்து வாயைத் திறந்தால் அழுகைமாதிரி ஏதோ வெளியே வந்தது. நேரம் கேட்கிறது. எந்த ஊர் நேரம் என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறது, பாவம், உலகத்தையே விரித்துவைத்துக்கொண்டு. கெட்டுப்போகவில்லை. எரியவில்லை. உலகப் படம் அவளுக்கு ஞாபகம் இருந்தது, ஆறாம் வகுப்புச் சுவரில் கடைசியாகத் தெரிந்த வருஷங்களில் நாடுகளெல்லாம் கரைந்துபோய்க் கடல் மட்டும் நீலமாகத் தெரிந்தது, வகுப்பில் மற்றவர்கள் நாடுகளைத் தொட்டுக் காட்டும்போது அவள் கடலைத் தொடுவாள். "கொல்கத்தா சரிதான்க்கா. அடுத்ததுக்குப் போறேன், என்ன வருதுன்னு சொல்லுங்க." டேப், டேப், என்டர். "கட்டம் கட்டமா வந்திருக்கு. முதல்ல என், ஏ, எம், ஈ. பேரு கேக்குது." கயற்கண்ணி என்று அடித்தாள். பேருலயே கண்ணு வச்சிருக்காங்க பாரு என்று சொல்லாத ஆள் கிடையாது அவள் வாழ்க்கையில், டாக்டர்கூடச் சொன்னார். இந்தப் பெட்டி சொல்லவில்லை. கேட்டது, வாங்கிக்கொண்டது. "அடுத்தது?" "பி, ஏ, எஸ், எஸ்..." "தெரிஞ்சிடுச்சுக்கா."

இங்கே வந்துதான் தட்டிற்று. இந்தக் கட்டத்துக்காகத்தான் எல்லாம், இந்தக் கட்டத்தில் போட ஒரு சொல் அவளிடம் இல்லை. யோசித்து வைத்திருக்கவேண்டாமா? வைக்கவில்லை. கதிரவன். எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் பெயர், ஆதார் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் இருக்கிறது. பிறந்த தேதி, ஸ்கூலில் கேக் வெட்டுகிறார்கள். பிடித்த பூ, வடிவேல்தான் வாங்கிவருகிறார். பிடித்த பாட்டு, அவர் முணுமுணுத்துத்தான் அவளுக்கே பிடித்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றிலும் யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள், தாலுகா ஆபீஸ் பெஞ்சுமாதிரி இடமே இல்லை. இவ்வளவு வருஷம் இருந்திருக்கிறோம், யாருக்கும் தெரியாமல் ஒரு சொல் சேர்க்கவில்லையா? அக்கா பொறுமையாக நின்றாள், "என்னடி, மறந்துடுச்சா?" என்றாள். மறக்க என்ன இருக்கிறது. போன வாரம், போன வருஷம், ஹாஸ்டல், ஹாஸ்டலுக்கு முன்னால், இன்னும் முன்னால். அப்போது வந்தது. தேடாத மூலையிலிருந்து வந்தது. யாருமே கூட இல்லாத ஒரு மத்தியானத்திலிருந்து, அம்மாவிடம் சொல்லாதது, பிரமிளாவிடம்கூடச் சொல்லாதது, சொல்லக்கூடாதது என்று ஒன்றுமில்லை அதில், தப்பும் இல்லை, ரகசியம்கூட இல்லை, யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, அவ்வளவுதான், அப்படியே இருந்திருக்கிறது ஒரு சொல். அது என்ன சொல் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. அடித்தாள். அக்கா திடீரென்று, "ஐயோ, கண்ணி, எழுத்தே வரலைடி" என்றாள். "நீ அடிக்க அடிக்க வெறும் புள்ளி புள்ளியா வருது. கெட்டுப்போச்சா?" "இல்லக்கா. அது அப்படித்தான்." "என்ன எழுதறேன்னு எனக்கும் தெரியலையே?" கயற்கண்ணி விரல்களை நிறுத்தினாள். "உங்களுக்கும் தெரியலையா?" "எங்க தெரியுது? எல்லாம் ஒரே புள்ளி. கோடு இழுக்காத கோலம்மாதிரி." புள்ளிகளை அவளுக்குத் தெரியும். பிரெயில் படித்த விரல்கள். எந்தப் புள்ளி எதற்கு என்று இருட்டிலேயே சொல்லும். ஆனால் இந்தப் புள்ளிகள் யாருக்கும் எதையும் சொல்லாது, முழுசாக இரண்டு கண் தெரிகிற ரமீஜா அக்காவுக்கும் சொல்லாது, இந்தக் கட்டத்துக்கு முன்னால் அக்காவும் அவளும் ஒன்று. "பக்கத்துல பச்சையா ஏதோ எழுத்து. எஸ், டி, ஆர்... ஸ்ட்ராங். ஸ்ட்ராங்காம்டி உன் பாஸ்வேர்ட்!" என்று அக்கா அவள் முதுகில் தட்டினாள். மறுபடி ஒருதரம் அடிக்கச் சொன்னது. அடித்தாள். சேரவில்லை, சிவப்பு வந்துவிட்டது என்றாள் அக்கா. எங்கே தப்பு? அவசரத்தில் ஒரு எழுத்தை விழுங்கியிருப்பாள். "என்ன வார்த்தைன்னு சொல்லு, நான் எழுத்தெழுத்தா..." என்று ஆரம்பித்த அக்கா தானே நிறுத்திக்கொண்டாள். விசிறி கடகடத்தது. "வேணாம். சொல்லாதே" என்றாள் வேறு குரலில். "எங்கிட்ட இருக்கிற ஃபோன் என் ஃபோன்தான். அதுக்கு நான் லாக் போட்டா வீட்டுல அன்னிக்கு அடுப்பு எரியாது. நீ உன் இஷ்டத்துக்கு நிதானமா அடி." நிதானமாக அடித்தாள். சிவப்பு போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பெரிய விஷயமில்லை. அக்கா மிளகாயை நினைத்துக்கொண்டு ஓடினாள். பெட்டி தன்பாட்டுக்கு வேலை செய்தது, கோடு வளர்ந்ததோ என்னவோ, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு கட்டத்தில் விசிறியின் சத்தம் இறங்கி நின்றது, மறுபடி எழுந்தது, எங்கேயோ ஒரு சின்ன மணி. மூன்று பொத்தானையும் அழுத்தினாள். ஸ்க்ரீன் ரீடர் ஆன் என்றது அந்த ஜலதோஷக் குரல். இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று அதைக் கேட்கத் தோன்றியது. பாஸ்வேர்டை அடித்தாள், ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டார், ஸ்டார் என்றது, உள்ளே விட்டது. எல்லாம் வேறு இடத்தில் இருந்தது. பழைய வீட்டில் எந்தச் சாவி எந்த ஆணியில் என்று விரலுக்குத் தெரியும், இங்கே கதவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, ஒரு மெனுவிலிருந்து வெளியே வரத் தெரியாமல் கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே சுற்றினாள். பாட நோட்ஸ் பென்டிரைவில் இருந்தது. வினாத்தாள்களில் ஒரு வருஷத்தது இல்லை. எந்த வருஷம் என்று பார்த்து, போகட்டும் என்று நினைத்து, போகட்டும் என்று நினைக்கமுடிந்ததை எண்ணி ஆச்சரியப்பட்டாள். தமிழை அந்தக் குரல் வெள்ளைக்காரன் கோயில் அர்ச்சனை செய்கிறமாதிரி படித்தது. பழகிவிடும். பழகாவிட்டால்? அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவேண்டுமா? கேட்டால்தானே. கேட்பார். கண்டிப்பாகக் கேட்பார். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், அபத்தம், மறந்தால் நீ எப்படித் திறக்கிறாய் என்பார். சொல்லிவிடலாம், என்ன போயிற்று, வேறொன்று வைத்துக்கொள்ளலாம், வேறொன்று எங்கே இருக்கிறது, அந்த ஒன்று கிடைக்கவே இத்தனை வருஷம் ஆயிற்று. செருப்புச் சத்தம். மெதுவான நடை. எல்லாவற்றையும் பூட்டுகிற பொத்தானைத் தட்டிவிட்டு எழுந்து டீ போடப் போனாள்.

"அட, வேற மாதிரி இருக்கே! நீயேவா பண்ணினே?" என்று ஹாலிலிருந்து வடிவேலின் குரல் வந்தது. அதில் நிஜமான பெருமை இருந்தது. "ஆமா" என்றாள் அடுப்பைப் பார்த்து. நாற்காலி இழுபட்டது. அவர் ஒரே விரலால் அழுத்தி அழுத்தி அடிப்பார், அடிக்கிற இடைவெளியை வைத்தே அவளுக்கு வார்த்தை தெரியும். தன் பெயரை அடித்தார், கொஞ்சம் நிறுத்தி மேல்வரிசையில் வருஷத்தை அடித்தார், என்டர். அந்தக் குரல் இங்கிலீஷில் மன்னிக்கவும் என்றது. தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார், மறுபடி அதையே மெதுவாக. மன்னிக்கவும். அப்புறம் கதிரவன். மன்னிக்கவும். அப்புறம் நீளமாக ஒன்று, அது அவள் பெயர். ஒவ்வொரு தரமும், தாழ்ப்பாள் போட்ட குளியலறைக் கதவை வெளியிலிருந்து யாரோ தள்ளிப் பார்ப்பதுபோல் அவள் உடம்பு சுருங்கியது. டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. "கண்ணி, பாஸ்வேர்ட் என்ன வச்சிருக்கே?" சாதாரணமாகத்தான் கேட்டார், உப்பு எங்கே என்று கேட்கிறமாதிரி. டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் அவருடைய வலது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"வச்சிருக்கேன்."

"அதான் என்னன்னு கேக்கறேன்."

"அது எனக்கு மட்டும்."

அவர் முகம் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது, தெரியாதது நல்லதாயிற்று என்று வாழ்க்கையில் முதல்தடவையாக நினைத்தாள், பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள். கடக் கடக் என்று விசிறி. "நான் என்ன வேத்தாளா?" என்றார் கடைசியில். கோபம் இல்லை அதில், அதைவிட மோசமாக ஏதோ இருந்தது. "இல்லீங்க." "பின்ன?" பின்ன என்பதற்கு அவளிடம் சாம்பார் சாதம் இருந்தது, பிரமிளாவின் கடைசி வரி இருந்தது, பாத்ரூம் கதவுக்கு வெளியே அந்த ஒரு நொடி இருந்தது. "பிரமிளா அதை எனக்குத்தான் எழுதினா" என்று மட்டும் சொன்னாள். அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். சூட்டில் நாக்கைச் சுட்டுக்கொண்டிருப்பார், ஒரு சின்ன ஸ் என்ற சத்தம். "உங்களுக்கு என்ன பாக்கணும், சொல்லுங்க" என்றாள் அவள். "நான் படிச்சுச் சொல்றேன்."

நாற்காலி அசையவில்லை. அப்புறம் அசைந்தது. அவர் எழுந்துகொண்டார், அவள் உட்கார்ந்தாள், இருக்கை அவருடைய சூட்டோடு இருந்தது. விரல்களை விசைகளின்மேல் வைத்தாள், முதல் எழுத்தின்மேல் வைத்து அழுத்தாமல் நிறுத்தினாள். அவர் பின்னால்தான் நின்றார், பீடி வாசனையும் வேர்வையும், மூச்சு அவள் உச்சந்தலையில். திரையில் புள்ளிதான் விழும். ஆனால் விரல்?

"கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்களேன்" என்றாள்.

பிறகு சட்டை உரசுகிற சத்தம், தரையில் பாதம் திரும்புகிற சத்தம். மூச்சு உச்சந்தலையை விட்டுப் போயிற்று. "ம். திரும்பிட்டேன்" என்றார், அந்தச் சொல் ஜன்னல் கண்ணாடியில் பட்டு அங்கிருந்து அவளுக்கு வந்தது.